பீட்டா பிளாக்கர் முதலில் அல்ல

“அறுவைக்கான மயக்கத்தில் ரத்த அழுத்தம் எகிறினால் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) போட்டால் அடங்கிவிடும்” என்று நினைப்பது ஆபத்தான தவறு. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் மறைந்திருந்து, அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கொட்டும் பியோகுரோமோசைட்டோமா கட்டி காரணம் என்றால், அந்த மருந்தே நிலைமையை மோசமாக்கலாம். இந்த ஹார்மோன்கள் ரத்தக் குழாயில் ஏற்பிகள் எனும் இணைப்புப் புள்ளிகள் வழியே வேலை செய்கின்றன. குழாயை விரிக்கும் பீட்டா ஏற்பிகள் அடைபட்டதும், சுருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளுக்குக் கடிவாளம் இருக்காது. அழுத்தம் இன்னும் ஏறும். முதலில் ஆல்ஃபா தடுப்பு, பிறகே பீட்டா. கட்டி இருப்பது தெரிந்தால் அறுவைக்கு 7 முதல் 14 நாட்கள் முன்பே ஆல்ஃபா மருந்தைத் தொடங்குவார்கள். தெரியாதபோதுதான் விபரீதம்: மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகும் நொடியில் மானிட்டரில் 130 இருந்த ரத்த அழுத்தத்தின் மேல் எண் 250ஐத் தாண்டலாம். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் திடீர் திடீரென வந்து போகிறதா? வெறும் பதற்றம் என்று ஒதுக்காமல் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்கள் சிதைந்து உருவாகும் பொருள்) பரிசோதனை செய்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.