சைலன்சரை மாற்றும் முன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

பழைய கார் ஒன்று திடீரென்று உறும ஆரம்பித்தால் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "சைலன்சர் போயிடுச்சு, மாத்திடுங்க." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது. எஞ்சினில் ஆரம்பித்து பின் பம்பர் வரை புகையைக் கொண்டுபோகிற நீளக் குழாயில் சைலன்சர் கடைசித் துண்டு. அதற்கு முன்னால் எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக்கொள்ளும் மேனிஃபோல்டு, அதன் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் தகடு), அதிர்வைத் தாங்க வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், நடுக்குழாய், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கிளாம்ப் என்று புகை ஒழுக வாய்ப்புள்ள இடங்கள் வரிசையாக இருக்கின்றன. வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் கடைசித் துண்டுக்குக் காசைக் கொட்டுவதில் என்ன நியாயம்?

சத்தத்தின் தன்மையே பாதி விடையைச் சொல்லிவிடும். சைலன்சரோ அதற்கு முந்தைய குழாயோ ஓட்டையாகியிருந்தால் கனத்த, அடிவயிற்றில் அதிர்கிற மாதிரியான உறுமல் வரும். மேனிஃபோல்டு பக்கம் ஒழுகினால் 'டிக் டிக்' என்று தட்டுகிற சத்தம், அல்லது 'புஸ் புஸ்' என்று காற்று துப்புகிற சத்தம். எஞ்சின் வேகம் ஏற ஏற அந்தத் தட்டலும் வேகமாகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் பலமாகக் கேட்டு, எஞ்சின் சூடானதும் அடங்கிவிட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. சூட்டில் இரும்பு விரிந்து விரிசலை மூடிக்கொள்வதுதான் காரணம். ஆகவே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் காதுக்கு ஒன்றும் கேட்காது. முடிந்தால் முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

நண்பர் ஒருவரின் காரில் இதே தட்டல் கேட்டது. டப்பெட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் பாகம்) சத்தம், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். எஞ்சின் ஆறியிருந்தபோது பானட்டைத் திறந்து, மேனிஃபோல்டின் மேல் இருந்த தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தோம். மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் திருகுக் கம்பிகளில் (ஸ்டட்) கடைசியில், நட் இருக்க வேண்டிய இடத்தில் முறிந்த முனை மட்டும் இருந்தது. அதை ஒட்டி சிலிண்டர் ஹெட்டின் மேல் விசிறி விரித்தாற்போல் கருப்புக் கரி படிந்திருந்தது. விரலால் தொட்டால் மை போல ஒட்டியது. எஞ்சினுக்குள் ஒரு கோளாறும் இல்லை. கரி படிந்த இடம்தான் ஒழுகும் இடம், இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. டப்பெட் சத்தமும் ஆயில் ஏறியதும் குறைவதுண்டு, அதனால் சூடானதும் அடங்குகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. மேடு ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சத்தம் தெளிவாகக் கூடினால் அது பெரும்பாலும் ஒழுகல்தான்.

கண்ணுக்குக் கரி தெரியவில்லையென்றால் அப்புறம் காற்றை வைத்துத் தேடலாம். எஞ்சினை நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, காற்றை ஊதும் வசதியுள்ள வாக்யூம் கிளீனரின் குழாயை டெயில் பைப்பில் வைத்துத் துணி சுற்றி அடையுங்கள். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வாருங்கள். ஒழுகுகிற இடத்தில் நுரை பொங்கும். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் போக வேண்டும். சைலன்சரின் அடியில் சின்னதாக ஒரு துளை தெரிந்தால் பதற வேண்டாம். பல சைலன்சர்களில் தண்ணீர் வடிவதற்காகத் தயாரிக்கும்போதே போட்டிருப்பார்கள். தகரம் கிலுகிலுக்கிற மாதிரி சத்தம் மட்டும் வந்தால் அது குழாயின் சூட்டைத் தடுக்கும் வெப்பத் தகடு தளர்ந்ததாக இருக்கும், ஒழுகல் அல்ல.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பலர் யோசிப்பதே இல்லை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அது வெளியே போய்விடும். பக்கத்துத் தெரு வரை போய்த் திரும்பும் வண்டியில் குழாய் சூடாவதற்குள் எஞ்சின் நின்றுவிடும், ஆவி உள்ளேயே குளிர்ந்து தங்கும். வெளியே பளபளவென்று இருக்கும் சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடித்து உதிர்வது இப்படித்தான். குறைவாக ஓட்டிய பழைய வண்டி என்று நம்பி வாங்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

முன்பக்க ஒழுகலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார். புகை குழாயில் சீராகப் போவதில்லை, துடிப்பு துடிப்பாகத்தான் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அழுத்தம் இறங்கும்போது, ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் இறங்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0171 (பெட்ரோல் போதவில்லை என்று பொருள்) மாதிரி ஒரு பிழைக் குறியீடு வரும். உடனே சென்சாரை மாற்றச் சொல்லுவார்கள். புது சென்சாரும் அதே பொய்யைத்தான் படிக்கும்.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற விஷயம். சத்தம் தாங்க முடியாமல்தான் பலர் இதைச் சரி செய்ய வருகிறார்கள்; சத்தம் குறைவாக இருந்தால் அப்படியே ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தரைத் தகட்டில் துரு ஓட்டையோ, டிக்கியின் ரப்பர் விளிம்பில் கிழிசலோ இருக்கிற பழைய காரில், அடியில் ஒழுகும் புகை நேராகக் குழந்தைகள் உட்காரும் பின்சீட்டுக்கு வரும். வண்டியில் இருக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, இறங்கிக் காற்றாட நின்றதும் குறைகிறதென்றால் அதைப் பயணக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். வண்டியை ஓரங்கட்டி எல்லோரும் இறங்குங்கள், மருத்துவமனைக்கு வேறு வண்டியில் போங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது.

ஓட்டையில் பூசும் பேஸ்ட், சுற்றுகிற பேண்டேஜ் எல்லாம் ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைக்கும்தான். துருவில் மெலிந்துபோன குழாயில் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகும், அந்தத் துண்டையே வெட்டி மாற்றுவது நல்லது. மேனிஃபோல்டு கேஸ்கெட் மாற்றினால், பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்ப்பட்டை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த முகத்தில் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது. வேலை முடிந்து வண்டி வந்த பிறகு, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் பானட்டைத் திறந்து வைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். தட்டல் கேட்டால் வண்டியை அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள்.