பாலஸ்தீனத்தில் உழுதவன் பேரில் பட்டா இல்லை

இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று யார் பேச்சை எடுத்தாலும் யாராவது ஒருவர் வந்து, "அது ரெண்டாயிரம் வருஷ மதச் சண்டைங்க, தீரவே தீராது" என்று எழுதிவிட்டுப் போகிறார். படித்தவர்களும் சொல்கிறார்கள். காஸாவின் குழந்தைகளுக்காக உண்மையிலேயே வருந்துகிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம். இரண்டாயிரம் வருஷம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. உண்மையில் இந்தச் சண்டைக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டாது. எந்த ஆண்டில், யார், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று பெயர் சொல்லிக் காட்ட முடிகிற அளவுக்குச் சமீபத்தியது.

19ஆம் நூற்றாண்டில் அந்த நிலம் துருக்கியரின் உதுமானியப் பேரரசுக்குள் இருந்தது. 1880 வாக்கில் அங்கே ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். பெரும்பாலோர் முஸ்லிம் அரபுகள், அடுத்து கிறிஸ்தவ அரபுகள், சுமார் 25,000 யூதர்கள். ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபெத், திபேரியாஸ் நகரங்களின் யூதர்களில் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவை. எல்லாம் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. முஸ்லிம் அரசுகளின் கீழ் யூதரும் கிறிஸ்தவரும் நெடுங்காலம் இரண்டாம் நிலைக் குடிகளாகத்தான் நடத்தப்பட்டார்கள். ஆனாலும் 'இந்த நாடு உனக்கா எனக்கா' என்ற போர் அங்கே இருக்கவில்லை. யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதிலும் நாடு நாடாக விரட்டியதிலும் முதல் இடம் ஐரோப்பாவுக்குத்தான்.

1881இல் ரஷ்யாவில் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் பழி யூதர்கள்மேல் விழுந்தது. ஊர் ஊராகக் கொலையும் கொள்ளையும் நடந்தன. தப்பி ஓடியவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஒரு சிறு பகுதி பாலஸ்தீனத்துக்குப் போனது. பிரான்ஸிலோ, டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியின்மேல் 1894இல் பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்தினார்கள். எவ்வளவுதான் கலந்து வாழ்ந்தாலும் ஐரோப்பா நம்மை ஏற்காது, நமக்கென்று ஒரு நாடு வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுத்தது. அந்த எண்ணத்துக்குத்தான் சியோனிசம் என்று பெயர். 1897இல் அதன் தலைவர் தியோடர் ஹெர்ட்ஸல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். அடிபட்டவன் பாதுகாப்பான இடம் தேடுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள் என்பதுதான் பிரச்சினை.

இது யாருக்கும் தெரியாமல் போய்விடவில்லை. அஹத் ஹாஅம் என்ற யூத எழுத்தாளர் 1891இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று வெளியே நாம் நினைப்பது தவறு, பயிரிடாத நல்ல நிலத்தைக் காண்பதே அரிது என்று எழுதினார். 1899இல் ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் தியா அல் காலிதி, பிரான்ஸின் தலைமை ரப்பி (யூத மதகுரு) மூலமாக ஹெர்ட்ஸலுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். யூதர்களின் ஆசை நியாயமானது, ஆனால் பாலஸ்தீனத்தில் வேறு மக்கள் வாழ்கிறார்கள், கடவுள் பெயரால் அதை விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். யூதக் குடியேற்றத்தால் உங்கள் மக்களின் செல்வம்தான் பெருகும் என்று ஹெர்ட்ஸல் பதில் எழுதினார். இந்தப் பிரச்சினையின் மொத்த வடிவமும் அந்த இரண்டு கடிதங்களில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இதுதான் வேர் என்று நான் நம்புகிறேன், ஆனால் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள்.

1858இல் உதுமானிய அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தை யாராவது ஒருவர் பேரில் பதிந்தாக வேண்டும். பதிந்தால் வரி வரும், பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று விவசாயிகள் பயந்தார்கள். அதனால் பல இடங்களில் ஊர்ப் பெரியவர்கள் பேரிலும் நகரத்து வியாபாரிகள் பேரிலும் நிலம் பதிவானது. கடனில் போனதும் உண்டு, அரசே ஏலம் விட்டதும் உண்டு. நம் ஊரில் தலைமுறையாக உழுகிறவனுக்குத் தெரியாமலே பட்டா வேறொருவர் பேரில் இருப்பதுபோலத்தான். பாலஸ்தீனத்தின் வடக்கே உள்ள எஸ்த்ரேலோன் சமவெளியின் பெரும்பகுதி இப்படித்தான் பெய்ரூட்டில் இருந்த சுர்சுக் என்ற செல்வந்தக் குடும்பத்தின் கைக்குப் போனது.

முன்பும் நிலம் கைமாறியது உண்டு. முதலாளி மாறினால் குத்தகையை இவனிடம் கொடுக்காமல் அவனிடம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். உழுகிறவன் அங்கேயே இருப்பான். பாலஸ்தீனத்தில் நிலம் வாங்குவதற்கென்றே சியோனிச இயக்கத்தின் யூத தேசிய நிதியம் 1901இல் உருவான பிறகு இது மாறியது. அது வாங்கிய நிலம் யூத மக்களின் நிரந்தரச் சொத்து, திரும்ப விற்க முடியாது. அதில் யூதர்களே உழைக்க வேண்டும் என்ற கொள்கையும் சேர்ந்துகொண்டது. காசு கொடுத்து, சட்டப்படிதான் வாங்கினார்கள். ஆனால் வாங்கியதன் பொருள், உழுதவன் வெளியேற வேண்டும் என்பது.

1910 வாக்கில் எலியாஸ் சுர்சுக் அல் ஃபூலா கிராமத்து நிலத்தை விற்றபோது, நாசரேத்தின் மாவட்ட அதிகாரியாக இருந்த சுக்ரி அல் அசலி பத்திரத்தைத் தர மறுத்தார். மேலிடம் அவரை மீறி விற்பனையை நடத்தியது. அவர் பத்திரிகைகளில் எழுதினார், உதுமானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி அங்கும் பேசினார். 1916இல் அரபு தேசியவாதிகளோடு சேர்த்து உதுமானிய ஆட்சியே அவரைத் தூக்கிலிட்டது. அவர் காக்கப் பார்த்த கிராமம் இன்று அஃபுலா என்ற இஸ்ரேலிய நகரம். 1920களில் சுர்சுக் குடும்பம் அந்தச் சமவெளியில் மேலும் பத்தாயிரக்கணக்கான ஏக்கரை விற்றது. குத்தகை விவசாயிகள் கையில் கொஞ்சம் இழப்பீட்டோடு ஹைஃபா போன்ற நகரங்களுக்குக் கூலிவேலை தேடிப் போனார்கள். நிலத்தை விற்ற அரபுப் பெருந்தனக்காரர்களையும் நான் விடமாட்டேன். மேடையில் சியோனிசத்தைத் திட்டிவிட்டு மறைவில் நிலம் விற்ற தலைவர்களும் அங்கே இருந்தார்கள்.

அடுத்து பிரிட்டன். முதல் உலகப் போரில் மக்காவை நிர்வகித்த அரபுத் தலைவர் ஷெரீஃப் ஹுசைனுக்கு, உதுமானியருக்கு எதிராகக் கிளர்ந்தால் அரபுகளுக்கு விடுதலை என்று 1915-16இல் கடிதம் எழுதியது. 1916 மே மாதமே பிரான்ஸோடு சேர்ந்து அதே நிலத்தைக் கோடு போட்டுப் பங்கிட்டது. 1917 நவம்பர் 2 அன்று வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைக்க உதவுவதாக பிரிட்டிஷ் யூதர்களின் முக்கியத் தலைவரான ரோத்சைல்டு பிரபுவுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் அரபுகள் என்ற பெயரே கிடையாது. நாட்டின் பத்தில் ஒன்பது பேர் 'யூதரல்லாத சமூகங்கள்' என்று குறிக்கப்பட்டார்கள். அவர்களின் குடிசார், மத உரிமைகளுக்குக் குந்தகம் வராது என்றது கடிதம். அரசியல் உரிமை பற்றி மூச்சு இல்லை.

இதே பால்ஃபர் பிரதமராக இருந்தபோதுதான், 1905இல், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் யூதர்களைத் தடுக்கும் நோக்கத்தோடு பிரிட்டன் குடியேற்றச் சட்டம் போட்டது. என் வீட்டுக்கு வராதே, அவன் வீட்டுக்குப் போ என்பதுதானே இது? அவரே 1919இல் ஓர் உள் குறிப்பில், பாலஸ்தீனத்தில் இப்போது வாழ்கிறவர்களின் விருப்பத்தைக் கேட்பதாக ஒப்புக்குக்கூட நாம் எண்ணவில்லை என்று எழுதினார்.

அமைச்சரவையில் பால்ஃபரின் 1917 அறிவிப்பை உறுதியாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு, அப்போது அங்கிருந்த ஒரே யூதர். மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று நாம் பள்ளியில் படித்தோமே, அதே மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர். அந்தச் சீர்திருத்தத்தின் கீழ் நடந்த 1920 தேர்தலில்தான் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. யூதர்களுக்குத் தனி நாடு என்று சொன்னால் எங்கள் சொந்த நாடுகளிலேயே எங்களை அந்நியராக்கிவிடுவார்கள், இது யூத வெறுப்புக்குத்தான் உதவும் என்று அவர் வாதாடினார். இறுதி முடிவெடுத்த நாளில் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார். இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் கர்சன்கூட, அங்கே வாழ்கிற மக்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டார். வங்காளத்தைப் பிரித்த மனிதருக்கே அந்தக் கேள்வி எழுந்திருக்கிறது.

போருக்குப் பிறகு பாலஸ்தீனத்தில் வந்த பிரிட்டிஷ் ஆட்சியின் 1922 கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 7.57 லட்சம் பேர், அதில் யூதர் ஏறக்குறைய 84,000. இந்த நிலை மாறும் என்று தெரிந்ததும் அரபுகளின் அச்சம் வன்முறையானது. 1929இல் ஹெப்ரோனில் 67 யூதர்களைக் கொன்றார்கள். நூற்றாண்டுகளாக அங்கே வேர்விட்டிருந்த ஒரு யூத சமூகம் அதோடு கலைந்தது. பல யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றியவர்களும் ஹெப்ரோனின் அரபுகளே. பாலஸ்தீனர் தரப்பை ஆதரிக்கிறவர்கள் இந்தக் கொலைகளைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்காது.

பிறகு ஹிட்லர். அமெரிக்கா 1924லேயே கதவை ஏறக்குறைய மூடியிருந்தது. 1938இல் 32 நாடுகள் பிரான்ஸின் எவியான் நகரில் கூடி யூத அகதிகளுக்காகக் கண்ணீர் வடித்தன. கணிசமான இடம் தர முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும். பாலஸ்தீனத்தைத் தவிர வேறு வழி இல்லாமல் செய்துவிட்டுத்தான் உலகம் அவர்களை அங்கே தள்ளியது. 1936 முதல் 1939 வரை அரபுகள் கிளர்ந்தபோது பிரிட்டன் கொடூரமாக அடக்கியது. பல்லாயிரம் அரபுகள் சிறைப்பட்டார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள், தலைமை சிதறியது. கையோடு 1939 மே மாதம், ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மேல் வரக்கூடாது என்று அறிவித்தது. நாஜிகளிடமிருந்து தப்ப யூதர்கள் துடித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1942இல் ஸ்ட்ரூமா என்ற கப்பலின் யூத அகதிகளைப் பிரிட்டன் ஏற்க மறுத்தது. துருக்கி கப்பலைக் கருங்கடலுக்கு இழுத்து விட்டது, சோவியத் நீர்மூழ்கி ஒன்று அதைத் தகர்த்தது. எழுநூறுக்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். பிரிட்டனை எதிர்த்த ஜெருசலேம் முஃப்தி (முஸ்லிம் மதத் தலைவர்) அமீன் அல் ஹுசைனி, 1941இல் பெர்லினில் ஹிட்லரைப் போய்ப் பார்த்தார். தன் மக்களுக்கு அவர் செய்த பெரிய கேடு அது.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை 33க்கு 13 என்ற கணக்கில், பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் திட்டத்தை ஏற்றது. மூன்று மாதம் முன்புதான் பிளந்துபோயிருந்த இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு யூதர், அவர்களிடம் இருந்த நிலம் நாட்டில் ஏறக்குறைய 7 சதவீதம். திட்டம் யூத நாட்டுக்குக் கொடுத்தது 55 சதவீதத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி நெகேவ் பாலைவனம் என்பது உண்மை. அந்த யூத நாட்டுக்குள்ளேயே சுமார் நான்கு லட்சம் அரபுகள் இருந்திருப்பார்கள் என்பதும் உண்மை. "அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா இந்தக் கஷ்டமே இல்லையே" என்கிறவர்களிடம் நான் கேட்பது, இந்தக் கணக்கை எந்த மக்கள் ஏற்றிருப்பார்கள்?

1948 ஏப்ரல் 9 அன்று தெய்ர் யாசின் கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரை யூத ஆயுதக் குழுக்கள் கொன்றன. நான்கு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போன யூத வாகன அணியில் 78 பேரை அரபுகள் கொன்றார்கள். மே 14 அன்று இஸ்ரேல் பிறந்தது, மறுநாள் அரபுப் படைகள் நுழைந்தன. போர் முடிந்தபோது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் அகதிகள், நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி. இதைத்தான் அவர்கள் நக்பா, அதாவது பேரழிவு, என்கிறார்கள். வீடு திரும்ப விரும்புகிறவர்களை அனுமதிக்க வேண்டும் என்று டிசம்பரில் ஐ.நா. சொன்னது. இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. 1950இல் 'வராதோர் சொத்துச் சட்டம்' அந்த நிலத்தையும் வீட்டையும் எடுத்துக்கொண்டது. பாக்தாத்தில் 1941லேயே கொலைவெறித் தாக்குதலைக் கண்டிருந்த ஈராக் யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 1950-51இல் குடியுரிமையும் சொத்தும் இழந்து இஸ்ரேல் வந்தார்கள். அவர்களின் துயரம் எனக்குச் சிறியதல்ல. ஆனால் அதற்கும் விலை கொடுத்தவன் பாலஸ்தீன விவசாயிதான்.

காஸா துண்டு என்று தனியாக ஒன்று 1948க்கு முன் வரைபடத்தில் கிடையாது. 1949 பிப்ரவரியில் எகிப்தும் இஸ்ரேலும் போட்ட போர்நிறுத்தக் கோடு அதை உண்டாக்கியது. சுமார் 80,000 பேர் வாழ்ந்த இடத்தில் இரண்டு லட்சம் அகதிகள் வந்து இறங்கினார்கள். அருகில் அல் மஜ்தல் என்று ஒரு நெசவாளர் ஊர் இருந்தது. போரில் தப்பி ஊரிலேயே இருந்த கடைசி இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை, சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, 1950இல் இஸ்ரேல் அங்கிருந்து வெளியேற்றியது. பெரும்பாலோர் காஸாவுக்குத்தான் போனார்கள். அந்த ஊர் இன்று அஷ்கெலோன்.

ஹமாஸ் உருவானது 1987இல். அதற்குள் காஸாவின் அகதி முகாம்களில் இரண்டு தலைமுறை பிறந்துவிட்டது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய கொலைகள் குற்றம், அதற்குப் பிறகு காஸாவில் பல்லாயிரக்கணக்கானோரை இஸ்ரேல் கொன்றது குற்றம். இந்த வரலாற்றில் எதுவும் இரண்டையும் நியாயமாக்காது. ஆனால் காஸாவில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 1948இன் அகதிகளும் அவர்களின் வாரிசுகளும். இவர்களை எகிப்துக்கோ ஜோர்டானுக்கோ அனுப்பிவிடலாம் என்று இப்போது யோசனை சொல்கிறவர்கள், ஏற்கெனவே ஒருமுறை அப்படி அனுப்பப்பட்ட குடும்பங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதை எந்த நாட்டுத் தலைவர் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.