அம்பர் அறையை 'வெறும் நகல்' என்று சொல்லிவிட முடியுமா?

ரஷ்யாவின் கேத்தரின் அரண்மனையில், சுவர்களில் அம்பர் பதித்த அம்பர் அறையைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் இப்போது அங்கே இருப்பது வெறும் நகல்தான் என்ற கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

1716இல் பிரஷ்ய மன்னர் ரஷ்யாவின் முதலாம் பீட்டருக்குப் பரிசாகக் கொடுத்தது அந்த அறை. மரப்பிசின் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் இறுகிக் கல்லானதுதான் அம்பர். 1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோது கேத்தரின் அரண்மனை ஊழியர்கள் அதைக் கழற்றப் பார்த்தார்கள். காய்ந்துபோயிருந்த அம்பர் கை பட்டதும் உதிர்ந்தது. வேறு வழியின்றி மேலே காகிதம் ஒட்டி மறைத்தார்கள், பாவம். ஜெர்மானியர்கள் கண்டுபிடித்து, பெயர்த்தெடுத்து, அப்போது ஜெர்மனியில் இருந்த கோனிக்ஸ்பெர்க் நகரின் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். போரின் முடிவில் அது மாயமானது.

1979இல் தொடங்கிய மீட்டுருவாக்கம் 2003இல்தான் முடிந்தது. கையில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். தேன் நிறமா, செம்மஞ்சளா என்பதை அதில் எப்படிப் பார்ப்பது? அதைவிட, அம்பரைச் செதுக்கும் பழைய நுட்பமே ஏறக்குறைய மறைந்திருந்தது. சாயமேற்றுவது முதல் துண்டுகளைப் பொருத்துவதுவரை எல்லாவற்றையும் மறுபடி கற்றார்கள். அப்புறம், 1997இல் அந்த அறையின் அசல் கல் மொசைக் (வண்ணக் கற்களைப் பதித்து ஆக்கிய படம்) ஒன்று ஜெர்மனியின் பிரேமனில் கிடைத்ததே, கட்டுரையில் அது விடுபட்டுவிட்டது. அறையைப் பெயர்த்தபோது உடனிருந்த சிப்பாய் ஒருவரின் குடும்பத்திடம் இருந்திருக்கிறது. 2000இல் அதை ரஷ்யாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

இருபத்துநான்கு ஆண்டு உழைப்பு ஐயா இது. அந்தக் கைவினைஞர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதுங்கள்.