நிறுத்தும் இடம் இலவசம், நிற்கும் ஆள் மலிவு

அமெரிக்காவில் வண்டியிலேயே குடியிருக்கும் முதியவர்களைப் பற்றி இரண்டு வகை வீடியோக்கள் மாறி மாறி என் கண்ணில் படுகின்றன. முதல் வகையில் ஒரு தம்பதி வீட்டை விற்று ஆர்.வி., அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி, வாங்கியிருப்பார்கள். பின்னணியில் மலை, கையில் காபிக் கோப்பை, இனி உலகமே வீடு. இரண்டாவது வகையில் எழுபது வயதுத் தாத்தா ஒருவர் கேளிக்கைப் பூங்காவில் ராட்டினத்தை இயக்கிக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளைகள் கைவிட்டதாக ஒருவர் சோக இசையோடு சொல்வார், நம்மவர்கள் கீழே கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பாடிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். இரண்டும் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. அந்தத் தாத்தாவுக்கு மணிக்கு எவ்வளவு கூலி என்று இரண்டிலும் யாரும் கேட்பதில்லை.

நான் வசிப்பது அயோவா மாநிலத்தில், டி மொயின் நகரத்துக்கு அருகில். நகரின் கிழக்கே ஆல்டூனாவில் அட்வென்ச்சர்லேண்ட் பூங்கா இருக்கிறது. 1974-இல் திறந்தது. நெடுஞ்சாலையில் போகும்போதே ரோலர் கோஸ்டரின் முதுகு தெரியும். பூங்காவை ஒட்டியே ஆர்.வி. நிறுத்தும் மைதானம். வண்டியில் வாழும் ஓய்வுபெற்றவர்களை நிறுத்த இடம் காட்டி அழைத்து, கோடை முழுக்க வேலைக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கு மட்டுமல்ல, நாடு முழுக்கப் பல பூங்காக்களிலும் முகாம் மைதானங்களிலும் உண்டு. இவர்களுக்கு வொர்க்கேம்பர் என்று பெயர்.

பூங்காக்களுக்கு இவர்கள்மேல் ஏன் இத்தனை பிரியம்? வயதானவர்கள் பொறுப்பானவர்கள், நேரத்துக்கு வருவார்கள், கைப்பேசியை நோண்ட மாட்டார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. ராட்டினத்தையும் தின்பண்டக் கடையையும் கோடையில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். எங்கள் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளை ஆகஸ்ட் 23-க்கு முன்பு திறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். பூங்காவோ செப்டம்பர் வார இறுதிகளையும் ஹாலோவீனையும் விட்டுவிடத் தயாராக இல்லை. அந்த இடைவெளியை அடைப்பதற்குப் பள்ளிக்கூடம் போகாத, வாடகை வீடு தேடாத, சக்கரத்தின்மேல் தானே வந்து சேரும் ஆள் வேண்டும்.

வேலை ஒன்றும் சும்மா இல்லை. குழந்தைகள் சவாரி ஒன்றில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரை வரிசையில் நின்றபடி கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இருக்கையாகப் போவார். குழந்தை விழாமல் மடிமேல் பிடிக்கும் மடிக்கம்பியைக் கீழே அழுத்துவார், பிறகு மேலே இழுத்துப் பார்ப்பார். குழந்தையின் உயரத்தில் சந்தேகம் வந்தால் அளவுகோல் அருகே கூட்டிப் போய்க் குதிகாலைத் தரையில் வைக்கச் சொல்வார், ஏனென்றால் எல்லாக் குழந்தைகளும் நுனிக்காலில்தான் நிற்கும். ஓர் அங்குலம் குறைந்த பையனின் அப்பா அவரிடம் கத்தினார். அவர் சிரித்தபடியே தலையை ஆட்டினார், கம்பியைத் திறக்கவில்லை. பிறகு எதிரே இருந்த பெண்ணுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார், அவள் உயர்த்தினாள், சவாரி நகர்ந்தது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி முதல் இருக்கை. ஜூலை வெயில், காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை. அந்த எதிர்ப்பக்கப் பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கலாம். இருவருக்கும் ஒரே சீருடை.

ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை அவரைப் பார்த்துவிட்டு, "பாவம், பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டார். நம்மில் யாராக இருந்தாலும் முதலில் வாயில் வருவது அதுதான். "அத்தை, ஊரில் நம் அடுக்குமாடிக் காவலாளிக்கு என்ன வயது? அவருக்கு மூன்று பிள்ளைகள்" என்றேன். அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை, ஐஸ்கிரீம் வாங்கப் போகலாம் என்றார்.

சரி, கூலிக்கு வருகிறேன். கூட்டாட்சி அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் வந்த எண், இன்றுவரை நகரவில்லை. எங்கள் மாநிலத்திலும் அதே 7.25தான். வாரத்துக்கு 40 மணி, இருபது வாரம் என்று வைத்தால் பிடித்தம் போவதற்கு முன் 5,800 டாலர் வரும். இன்று விளம்பரங்களில் இதைவிடக் கூடுதலான தொகைதான் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆள் கிடைக்காமல் திண்டாடியதால் ஏறிய கூலி அது. ஆள் மலிந்தால் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லத் தேவையில்லை.

கேளிக்கைப் பூங்காக்களுக்கு அந்த 7.25-கூடக் கட்டாயம் இல்லாமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. குறைந்தபட்ச ஊதியத்தையும் கூடுதல் நேர ஊதியத்தையும் கொண்டுவந்த சட்டம் 1938-இல் வந்தது. 1960-களில் அதில் ஒரு விலக்கைச் சேர்த்தார்கள். பருவகாலத்தில் மட்டும் இயங்கும் கேளிக்கை நிறுவனம் ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் திறந்திருக்காவிட்டால் இரண்டும் பொருந்தாது. ஏழு மாதத்தைத் தாண்டித் திறந்திருந்தாலும் வேறொரு கதவு உண்டு: வருமானம் குறைந்த ஆறு மாதங்களின் சராசரி, மற்ற ஆறு மாதங்களின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். கோடையில் மாதம் 90 லட்சம் டாலர், குளிரில் மாதம் 30 லட்சத்துக்குள் என்றால் விலக்கு உறுதி. கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரம் போட்டு டிசம்பரிலும் டிக்கெட் விற்கலாம், விலக்கும் கையைவிட்டுப் போகாது. மாநிலச் சட்டம் தனியாகக் காப்பாற்றினால் உண்டு. காப்பாற்றாத இடத்தில், வாரத்துக்கு அறுபது மணி நேரம் வேலை வாங்கிவிட்டு கூடுதல் நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூலி தராமல் இருப்பது முறைகேடே இல்லை, சட்டப்படியே சரி.

கோடையில் பதினைந்து நாள் மட்டும் கல்லாக் கட்டும் ஏரிக்கரை நீச்சல் குளத்துக்கு இந்த விலக்கு நியாயமாக இருக்கலாம். பல மாநிலங்களில் பூங்கா வைத்திருக்கும் பெருநிறுவனங்களுக்கு எதற்கு? 2024-இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸ், சீடர் ஃபேர் என்ற இரண்டு பெரிய பூங்கா நிறுவனங்கள் ஒன்றாகிவிட்டன. இந்தத் தொழிலில் இன்று இருப்பது இத்தனை பெரிய முதலாளிகள். ஆனால் சட்டம் கணக்கெடுப்பது நிறுவனத்தை அல்ல, தனித்தனிப் பூங்காவை.

இனி அந்த "இலவச இடம்". ஆர்.வி.க்காரருக்கு இடம் என்றால் வெறும் மண் தரை அல்ல. மின்கம்பம், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் மூன்றும் வேண்டும். மின்சாரத்திலும் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று சாதி உண்டு. முப்பதில் மொத்தம் 3,600 வாட்தான். கூரைமேல் இருக்கும் இரண்டு ஏசியையும் போட்டால் தாங்காது. ஐம்பதில் 12,000 வாட் கிடைக்கும். கழிவுக் குழாய் இல்லாத இடம் கிடைத்தால் சில நாளைக்கு ஒருமுறை வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு வர வேண்டும். எனவே மூன்றும் உள்ள இடத்துக்கு மதிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை.

அதன் விலை என்ன என்பதுதான் கேள்வி. ஒப்பந்தங்கள் பல மாதிரி. சில இடங்களில் முழு நேரமும் வேலை பார்த்தால் இடம் இலவசம், எல்லா மணிக்கும் கூலி உண்டு. சில இடங்களில் வாடகையைக் கூலியிலிருந்து பிடிப்பார்கள். மோசமானது மூன்றாவது: வாரத்தின் முதல் இருபது மணி இடத்துக்கு, அதற்கு மேல் போனால்தான் காசு. மாத வாடகை 600 டாலர் பெறும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 86 மணி வேலை. மணிக்கு 7 டாலர்கூட வரவில்லை. கணவன், மனைவி இருவரும் ஆளுக்கு இருபது மணி தர வேண்டும், ஆனால் நிற்பது ஒரே வண்டி என்றால் அதில் பாதி. முதலாளிக்கோ அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது, கம்பம் நட்டாயிற்று, குழாய் போட்டாயிற்று. ஏப்ரல் குளிரில் காலியாகக் கிடக்கும் இடத்தைக் கோடை விலையில் கணக்கெழுதுகிறார்.

எனக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபம் வேறு. வேலையையும் குடியிருப்பையும் ஒரே கையெழுத்தில் கட்டிவிடுகிறார்கள். சாதாரணத் தொழிலாளிக்கு வேலை போனால் அடுத்த மாத வாடகைதான் கவலை. இவர்களுக்கு வேலை போன அன்றே வீட்டை எங்கே நிறுத்துவது என்ற கவலை. பல ஒப்பந்தங்களில் வேலை முடிந்த சில நாட்களுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். வாடகைதாரருக்கு இருக்கும் பாதுகாப்பு இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனக்குத் தெரிந்த தம்பதி வேறொரு மாநிலத்தில் ஒரு பூங்காவில் இருந்தார்கள். மனைவிக்கு முழங்கால் வீங்கி நிற்க முடியவில்லை, உட்கார்ந்து பார்க்கும் டிக்கெட் கவுண்டர் வேலை கேட்டார். காலியில்லை என்றார்கள். கணவர் வேலையைத் தொடரத் தயார். ஆனால் ஒப்பந்தம் இருவருக்கும் சேர்த்து எழுதியது. விடுமுறைக் கூட்டத்தால் அக்கம்பக்கத்து முகாம்கள் எல்லாம் நிரம்பியிருந்த வாரத்தில் வண்டியைக் கிளப்ப வேண்டியதாயிற்று. சீசன் முடியும்வரை இருந்தால் மணிக்கு இவ்வளவு என்று சேர்த்துத் தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகையும் போயிற்று. அதைத் தராமல் இருக்கத்தான் இறுதிவரை நிறுத்தி வைக்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் செய்த வேலைக்கான பணத்தை வேலை முடியும் நாள்வரை பிணையாக வைப்பது கூலி ஆகாது.

பிணை இருக்கும் இடத்தில் வாய் மூடிக்கொள்ளும். பாதுகாப்புக் குறை இருக்கிறது, இந்த வேகத்தில் ஆட்களை இறக்கி ஏற்ற முடியாது என்று சொல்ல வேண்டியவர் சொல்ல யோசிப்பார். இது கற்பனை பயம் அல்ல. 2016 ஜூனில் இதே ஆல்டூனாவில் ரேஜிங் ரிவர் என்ற தண்ணீர்ச் சவாரியில், ஆர்.வி.யில் வந்து சீசன் வேலைக்குச் சேர்ந்திருந்த 68 வயதுக்காரர் ஒருவர் பயணிகளை இறக்கிக்கொண்டிருந்தார். படகு நகர்ந்தது. கன்வேயர் பெல்ட்டில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 4,500 டாலர். 2021 ஜூலையில் அதே சவாரியில் படகு கவிழ்ந்து 11 வயதுச் சிறுவன் இறந்தான். பிறகு அந்தச் சவாரி ஓடவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் பூங்கா கைமாறிவிட்டது. 2016-இல் யாரும் வாயைத் திறக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கு அதைச் சொல்லும் உரிமை இல்லை. வாய் திறந்தால் வீடும் போகும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்தி, அவர் கையில் குழந்தைகளின் மடிக்கம்பியைக் கொடுப்பது யாருக்குமே நல்லதில்லை என்கிறேன்.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, விரும்பித்தானே வருகிறார்கள்?" என்று கேட்பீர்கள். விரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஓய்வூதியம், கடன் இல்லாத வண்டி, பேரக்குழந்தைகள் பக்கத்து ஊரில், வெயில் காலத்தில் பொழுதுபோக வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் மறுநாளே சாவியைத் திருப்பிவிடுவார்கள். அவர்களைக் காட்டித்தான் எல்லோருக்குமான ஒப்பந்தத்தை எழுதுகிறார்கள். மற்றவர்கள் 62 வயதிலேயே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை வாங்கத் தொடங்கியவர்கள். 1960-இலோ அதற்குப் பின்போ பிறந்தவர் 67 வரை பொறுத்திருந்தால் கிடைக்கும் தொகையில் 70 சதவீதம்தான் அவர்களுக்கு, அதுவும் ஆயுள் முழுக்க. 65 ஆனால்தான் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர். இடைப்பட்ட மூன்று ஆண்டுக்கு மருத்துவக் காப்பீடு அவரவர் பாடு. அக்டோபரில் தண்ணீர்க் குழாய் உறைவதற்குள் கிளம்பியாக வேண்டும். சிலர் வடக்கே மினசோட்டா, வடக்கு டகோட்டா எல்லைக்குப் போய்ச் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடையில் பன்னிரண்டு மணி ஷிஃப்ட் பார்ப்பார்கள். முன்பெல்லாம் ஆர்.வி.க்காரர்களுக்கு அமேசான் கிடங்கில் சீசன் வேலை இருந்தது. 2008-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். குளிருக்கு அரிசோனாப் பாலைவனம். அங்கே அரசு நிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தங்கக் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அடுத்த ஏப்ரலில் மறுபடி பூங்கா விளம்பரம். இந்த வட்டத்தில் எந்த இடத்தில் அவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நிற்க முடியும் என்று காட்டுங்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. வேலைக்குக் கூலியை முழுசாகக் கொடுங்கள், இடத்துக்கு வாடகையை வெளிப்படையாக வாங்குங்கள், இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் எழுதுங்கள். வரிச் சட்டம் குறுக்கே வரும் என்பார்கள். வேலையிடத்திலேயே தங்குவது நிபந்தனையாக இருந்தால் அந்த இடத்தின் மதிப்புக்கு வரி இல்லாமல் போகலாம் என்பது நிஜம்தான். அந்தச் சலுகையை வைத்துக்கொண்டே, வேலை போனால் காலி செய்ய முப்பது நாள் அவகாசம் தருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஊக்கத்தொகையை மாதாமாதம் சம்பளத்தோடு சேர்ப்பதையும் தடுக்கவில்லை. பருவகால விலக்கை ஒரே ஒரு சிறிய பூங்கா வைத்திருப்பவருக்கு மட்டும் என்று சுருக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. அது இப்போதைக்கு நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டென்னசி, ஒஹாயோ, இந்தியானா பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர்ப் பூங்கா இந்த ஆண்டு ஆர்.வி.க்காரர்களுக்கு என்ன கூலி சொல்கிறது, இடத்துக்கு என்ன பிடிக்கிறது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் கைவிட்ட கதையை மட்டும் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள்.