ஆர் என்றால் எந்த ஆர்?

பழைய வெப்பநிலைக் குறிப்பு ஒன்றை செல்சியஸுக்கு மாற்றுவதில் என்ன பெரிய கஷ்டம்? பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் அதைச் செய்து தருவதாகச் சொல்லிக்கொண்டு வரும் செயலிகளையும் தளங்களையும் பார்த்தால் வயிறு எரிகிறது.

நெப்போலியன் 1812-ல் ரஷ்யாவுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியதை பிரெஞ்சுப் பொறியாளர் மினார்ட் 1869-ல் ஒரு வரைபடமாக வரைந்தார். படை தேய்ந்துகொண்டே வருவதைக் காட்டும் பட்டைக்குக் கீழே திரும்பும் வழியின் குளிரையும் குறித்திருக்கிறார். டிசம்பர் 6 அன்று மைனஸ் 30. ரெயோமூர் அளவு என்று தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறார். அந்த அளவில் நீர் 0-வில் உறையும், 80-ல் கொதிக்கும். 5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் மைனஸ் 37.5 செல்சியஸ். அவ்வளவுதான் வேலை.

செயலியில் என்ன இருக்கிறது? 'டிகிரி ஆர்'. எந்த ஆர் ஐயா? ரெயோமூரா, ராங்கினா, ரோமரா? மூன்றுமே ஆர் எழுத்தில் தொடங்கும் வெப்பநிலை அளவுகள்தானே. மைனஸ் 30 போட்டால் மைனஸ் 289.82 என்று வருகிறது. ராங்கின் என்று அதுவாகவே முடிவு செய்துகொண்டது! அதற்கு மேல் எதுவும் குளிரவே முடியாத தனிச்சுழி வெப்பநிலையே மைனஸ் 273.15தான். ராங்கின் அளவின் 0 இருப்பதே அந்த இடத்தில்தான், அதற்குக் கீழே எண்ணே கிடையாது. ஒரு எச்சரிக்கை வரி காட்டக் கூடவா வக்கில்லை? இன்னொரு தளம் மைனஸ் 71.43 என்கிறது. அது ரோமர். ஒரே எண்ணுக்கு மூன்று விடை, மூன்றும் துளி தயக்கம் இல்லாமல்.

சரி, மாற்றவே வேண்டாம் என்று மைனஸ் 30-ஐ அப்படியே செல்சியஸாக எடுத்துக்கொண்டால் 7.5 டிகிரி குளிர் காணாமல் போய்விடும். பட்டினியோடு பனியில் நடந்து செத்த மனிதர்கள் பட்ட குளிர் அது. குறைத்துக் காட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அப்புறம் இந்தத் தசமப் பைத்தியம். நியூட்டன் 1701-ல் வெளியிட்ட அளவில் மனித உடல் சூட்டுக்கு 12. ஆளிவிதை எண்ணெயைக் குழாயில் ஊற்றி அளந்த காலம். தண்ணீர் கொதிப்பதற்கே அவர் 33, 34 என்று ஒட்டித்தான் சொன்னார். இவர்களோ 33-ஐ மட்டும் 100 செல்சியஸாகப் பிடித்துக்கொண்டு, 12-க்கு 36.36363636 செல்சியஸ் என்று எட்டு தசமம் வரை எழுதுகிறார்கள். அந்த எண்ணெய்க்குத் தெரியாத துல்லியம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

டெலில் அளவு இன்னும் மோசமாக மாட்டிக்கொள்கிறது. அது தலைகீழ்: கொதிநிலை 0, உறைநிலை 150. காலையில் 150, மதியம் 120 என்றால் 30 டெலில் மாற்றம், அதாவது 20 செல்சியஸ் சூடு ஏறியிருக்கிறது. அந்த 30-ஐப் போட்டுப் பாருங்கள், 80 செல்சியஸ் என்று வரும். வெப்பநிலை வேறு, வெப்பநிலை வித்தியாசம் வேறு. அதைக் கேட்க ஒரு பொத்தான் வைத்தால் போதும், யாரும் வைப்பதில்லை.

பெயரை முழுசாக எழுதுங்கள். ரெயோமூர், ராங்கின், ரோமர். மூன்றே பெயர். திரையில் அதற்கு இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், பாதித் திரையில் விளம்பரம்தான் ஓடுகிறது.