சேறு தெரியும்போது ஓடுங்கள்

போன மாதம் என் மைத்துனன் வந்திருந்தான். ஊரில் தினமும் ஆறு கிலோமீட்டர் ஓடுகிறவன். “மாமா, நீங்க ஓடுற இடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்றான். காலை ஏழரைக்கு டாப்ஷம் படகுத்துறையில் கொண்டு போய் நிறுத்தினேன். ஒரு நிமிடம் சுற்றிலும் பார்த்துவிட்டு, “ஆறு எங்கே மாமா?” என்றான்.

கேட்டதில் தப்பில்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எக்ஸ் ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தின் தலைமாட்டில் இருக்கிற ஊர் இது. இணையத்தில் இதன் படங்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் கரை தளும்ப நிற்கும். நடுவில் வெள்ளைப் பாய்மரம் ஒன்று இருந்தே தீரும். அன்றைக்கு அவன் கண்ணில் பட்டது சாம்பல் நிறச் சேறும், அதன் நடுவில் ஒடுங்கிக் கிடந்த நீரோட்டமும், ஒருக்களித்துப் படுத்திருந்த படகுகளும்தான். தண்ணீர் ஏறிய பிறகு வரலாமா என்று கேட்டான். முடியாது என்றேன். இந்தப் பதிவே அதற்கான காரணம்தான்.

கழிமுகக் கரையில் ஓடுகிறவர்கள் தூரம் பார்க்கிறார்கள், மேடு பள்ளம் பார்க்கிறார்கள், வானிலை பார்க்கிறார்கள். ஓதத்தை, அதாவது கடல் நீர் தினமும் ஏறி வற்றுவதைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் ஏற்றத்துக்காகத்தான் பார்க்கிறார்கள், படம் நன்றாக வரும் என்று. என் கட்சி நேர் எதிர். வற்றத்தில் ஓடாதவர் இந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. ஏற்றத்தில் இது ஒரு ஏரி. எந்த ஏரிக்கரையில் ஓடினாலும் அதே காட்சி கிடைத்துவிடும்.

நேரம் கணிக்க எனக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே பாதி போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் பெரிய ஓதம். அந்த நாட்களில் இங்கே ஏற்றம் காலை ஏழு, எட்டு மணி வாக்கில் வந்து நிற்கும். அதாவது ஊரே ஓடக் கிளம்பும் நேரத்தில். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போவதால், ஒரு வாரத்தில் கதை தலைகீழாகிவிடும். அஷ்டமி, நவமியை ஒட்டி அதே காலை நேரத்தில் சேறு. நல்ல காரியம் எதையும் தொடங்காதே என்று பெரியவர்கள் ஒதுக்கி வைத்த திதிகள்தான் இங்கே காலையில் ஓடத் தோதானவை. சின்ன ஓதம் என்பதால் தண்ணீர் அடிவரை வற்றாது, சரி. ஆனாலும் சேற்றுக்குக் குறைவில்லை. அடி ஆழம் வரை பார்க்க வேண்டும் என்றால் பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் போங்கள். கணக்கு தப்பாமல் இருக்க, கிளம்புமுன் ஓத அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படகுத்துறையிலிருந்து தெற்கே போகும் ஸ்ட்ராண்ட் தெருவை வேகமாகக் கடக்கக் கூடாது. வரிசையாக நிற்கும் பழைய வீடுகளின் முகப்புகள் மேலே வளைந்து வளைந்து போகும். டச்சு பாணி. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து கம்பளித் துணி ஏற்றிக்கொண்டு ஹாலந்து போன கப்பல்கள், திரும்பும்போது ஆட்டம் காணாமல் இருக்கப் பாரத்துக்காக அந்த ஊர்ச் செங்கல்லை அடுக்கிக்கொண்டு வந்தன. அந்தச் செங்கல்தான் சில சுவர்களில் இருக்கிறது. நம் செங்கல்லைவிடச் சின்னது, ஒல்லியானது. கால் தசையை நீட்டும் சாக்கில் அந்தச் சுவர்களை நின்று பார்ப்பது என் வழக்கம்.

இந்தச் சின்ன ஊருக்கு அவ்வளவு பணம் எப்படி வந்தது என்றால், பக்கத்து ஊரின் வழியை அடைத்ததால் வந்தது. மேலே ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எக்ஸிட்டர் நகரம் வரை கப்பல்கள் ஒரு காலத்தில் போய் வந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இசபெல்லா என்ற சீமாட்டி குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினாள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் கவுண்டஸ் வேர், அதாவது சீமாட்டி அணை என்றுதான் பெயர். பின்னால் வந்த கோர்ட்னி குடும்பத்துப் பிரபு மிச்சமிருந்த வழியையும் அடைத்து, டாப்ஷமில் துறை கட்டினார். சரக்கெல்லாம் இங்கேயே இறங்க வேண்டியதாயிற்று. நகரத்தார் வழக்காடிப் பார்த்து, கடைசியில் 1560களில் பக்கவாட்டில் கால்வாயே வெட்டிக்கொண்டார்கள். நம்மூர் வரப்புத் தகராறுதான், முந்நூறு வருட அளவில்.

ஸ்ட்ராண்ட் முடிந்ததும் கோட் வாக். பெயர்தான் ஆட்டுப் பாதை, ஆடு எதுவும் கிடையாது. ஒருபக்கம் சுவர், மறுபக்கம் கழிமுகம், நடுவில் இரண்டு பேர் ஒதுங்கி நகரக்கூடிய மேடான நடைபாதை. மொத்தமே சில நூறு மீட்டர். நான் ஓடிய பாதைகளில் இதற்கு இணை கிடையாது. இங்கேதான் பட்டும் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் ஒரு பௌர்ணமிக்கு அடுத்த நாள் காலை, அட்டவணை பார்க்காமல் இறங்கிவிட்டேன். பாதி வழியில் பாதை நனைந்திருந்தது. இன்னும் இருபது அடியில் கணுக்கால் வரை தண்ணீர். சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் வைக்கும் இடம் தெரியாமல் தடவித் தடவித் திரும்பினேன். ஒரு வயதான அம்மாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். என் காலணியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் எல்லாம் இருந்தது.

வற்றத்தில் அதே பாதையில் நின்று காது கொடுத்துப் பாருங்கள். சேறு சத்தம் போடும். சின்னச் சின்னக் குமிழிகள் உடைகிற மாதிரி ஒரு சொடுக்குச் சத்தம், விட்டு விட்டு. தயவுசெய்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடுங்கள். குளிர்காலமாக இருந்தால் கர்லூ பறவையின் நீண்ட கூவலும் சேர்ந்துகொள்ளும். அவோசெட் கூட்டம் மேல்நோக்கி வளைந்த அலகை அரிவாள் மாதிரி இடமும் வலமும் வீசி மேயும். இவையெல்லாம் இந்த ஊருக்கு வருவதே சேற்றுக்காகத்தான். உள்ளே இருக்கும் புழுவும் சிப்பியும்தான் அவற்றின் சாப்பாடு. தண்ணீர் ஏறத் தொடங்கினால் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, பக்கத்தில் இருக்கும் பவுலிங் கிரீன் சதுப்பில் போய் இறங்கும். அங்கே பறவை பார்க்க ஒரு கொட்டகை உண்டு. வேர்த்த உடம்போடு உள்ளே நுழைந்தால் பைனாகுலர்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, போங்கள்.

சதுப்பைத் தாண்டினால் கிளிஸ்ட் ஆற்றின் மேல், ரயில் பாலத்தை ஒட்டி ஒரு நடைபாலம். அதைக் கடந்தால் எக்ஸ்டன், அப்புறம் லிம்ப்ஸ்டன். தரை சமம், மூச்சு வாங்காது. லிம்ப்ஸ்டன் பக்கம்தான் ராயல் மரைன்ஸ் வீரர்களின் பயிற்சி முகாம். பயிற்சிக்கு வரும் இளைஞர்களை இந்தச் சேற்றில் இறக்கித் தவழ விடுவார்கள். ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தேன். யார் யார் என்று அடையாளமே தெரியவில்லை, எல்லோரும் ஒரே நிறம். அதற்குப் பிறகு என் முழங்கால் வலியைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

மேற்குக் கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். படகில் அக்கரை போனால் அந்தப் பழைய கால்வாயின் கரைப்பாதை. நிழல் உண்டு, நிம்மதி உண்டு. ஆனால் நேர்க்கோடு. நேர்க்கோட்டில் ஓடுவது எனக்கு வட்டி கட்டுவது மாதிரி, முடிவு தெரியும், முடியாது. தெற்கே டர்ஃப் வரை போனால் கால்வாய் கழிமுகத்தில் வந்து சேரும் இடம் அழகு. அதற்கும் கீழே பவுடர்ஹாம் கோட்டை, 1391-இல் தொடங்கிய கோர்ட்னி குடும்பத்துக் கோட்டை. ஆற்றை அடைத்த அதே குடும்பம்தான். இன்னும் கீழே ஸ்டார்கிராஸில், புருனெல் என்ற பொறியாளர் காற்றழுத்தத்தில் ரயில் ஓட்டிப் பார்த்த காலத்து எஞ்சின் கட்டடம் நிற்கிறது. ஒரு வருடம் ஓடி 1848-இல் நின்றுபோன திட்டம். பார்க்கலாம். ஓடுவதற்கு என் ஓட்டு கிழக்குக் கரைக்குத்தான்.

நாயைக் கட்டவிழ்த்துச் சேற்றில் ஓட விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சைபீரியாவிலிருந்து பறந்து வந்த வாத்துக்கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும்போது அதை எழுப்பி விரட்டுவது விளையாட்டு இல்லை. அது அன்றைக்குச் சேர்த்த தெம்பு அந்த ஒரு பறத்தலில் போய்விடும்.

மைத்துனன் கதைக்கு வருகிறேன். எக்ஸ்டன் வரை ஓடினோம். திரும்புவதற்கு ரயில். அங்கே கை காட்டினால்தான் வண்டி நிற்கும். பேருந்தை நிறுத்துகிற மாதிரி அவன் இரண்டு கையையும் வீசினான், ஓட்டுநர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். கால் முழுக்கச் சேறு, உட்காராமல் கதவோரம் நின்றோம். கிளிஸ்ட் பாலத்தில் ஏறும்போது கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தவன், “இப்பதானே மாமா இந்த இடத்தைத் தாண்டி ஓடினோம்?” என்றான். போகும்போது கருவால் மூக்கன் பறவைகள் அலகால் குத்திக்கொண்டிருந்த சேற்றுத் திட்டு ஒன்றைக் காணோம். அந்த இடத்தில் தண்ணீர் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.