பட்டர்வொர்த் கெடாவில் இல்லை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தையும் அதன் அண்டை மாநிலமான கெடாவையும் பற்றி ஒருவர், “பினாங்கு என்றால் தீவு மட்டும்தான், பாலத்தைத் தாண்டினால் கெடா” என்று எழுதியிருக்கிறார். தவறு. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் எல்லாமே பினாங்கு மாநிலம்தான். 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய, தீவுக்கு எதிரே உள்ள கரை அது. இன்றைய செபராங் பிறை. பரப்பளவில் தீவைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! கெடா வேண்டுமென்றால் வடக்கே மூடா ஆற்றைத் தாண்டிச் சுங்கைப்பட்டாணி பக்கம் போகணும், இல்லாவிட்டால் கிழக்கே கூலிம். தீவிலிருந்து வரும், 2014-இல் திறந்த இரண்டாவது பாலமும் இறங்குவது பத்து காவானில், அதுவும் பினாங்குதான்.

அப்புறம், தீவிலுள்ள தலைநகர் ஜார்ஜ்டவுனுக்கு ரயிலில் வருகிறவர்கள் கவனிக்க: கேடிஎம் (மலேசிய ரயில்வே) ரயில் தீவுக்குள் வராது (தீவுக்குள்ளேயே கொடிமலை ஏறும் ரயில் வேறு கதை). பட்டர்வொர்த்தில் இறங்கி, பக்கத்திலேயே ஃபெர்ரியைப் பிடியுங்கள்.